மூக்கனேரிக்குக் குடும்பத்தோட போறீங்களா? கேமராவுக்கு முன்னாடி ஒரு 8×42 பைனாகுலர் வாங்குங்க

சேலத்துல இருந்துட்டு ஞாயித்துக்கிழம காலைல பசங்களக் கூட்டிட்டு ஏரிப்பக்கம் போய் பறவை பாக்கணும், நாலு போட்டோ எடுக்கணும்னு ஆசப்படறவங்க முதல்ல கேக்கறது "எந்த கேமரா வாங்கலாம்"ங்கறது தான். என் பதில் ஒண்ணே ஒண்ணு தாங்க. முதல்ல 8×42 பைனாகுலர் ஒண்ணு வாங்குங்க, கேமராவ அப்புறம் பாத்துக்கலாம். இத ஒரு மழை சீசன் ஒரு வெயில் சீசன் முழுக்க மூக்கனேரிக் கரைல வீட்ல எல்லாரும் மாத்தி மாத்தி கண்ணுல வச்சுப் பாத்த பிறகு தான் சொல்றேன்.

நான் வாங்கினது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு, ரூஃப் ப்ரிஸம் வகை (ரெண்டு கொழாயும் நேரா இருக்கும்), ரப்பர் கவர் போட்டது, முக்கா கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. கம்பெனி பேர் போடல, ஏன்னா இந்த விலைல நாலஞ்சு கம்பெனி கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் தர்றாங்க, பேர விட உள்ள என்ன இருக்குன்னு பாக்கத் தெரிஞ்சா போதும், அத கீழ வெவரமா எழுதியிருக்கேன். பாத்தவங்க யாருன்னா நான், என் வீட்டுக்காரி, ஆறாவது படிக்கற பொண்ணு, ஒண்ணாவது படிக்கற பையன், அப்புறம் கண்ணாடி போட்ட எங்கப்பா. இவ்ளோ வித்தியாசமான கண்ணு ஒரே பைனாகுலர்ல பாக்கணும்ங்கறது தான் குடும்பத்துக்கு வாங்கறவங்களோட நெசமான பிரச்சன, ஆனா கடைல அத யாரும் சொல்றதில்ல.

வெளியூர்க்காரங்களுக்காக ஏரியப் பத்தி ரெண்டு வார்த்த. மூக்கனேரி கன்னங்குறிச்சில இருக்குது, கன்னங்குறிச்சி ஏரின்னும் சொல்லுவாங்க. ஏற்காட்டு மலையடிவாரம், சேர்வராயன் மலைல பெய்யற மழைத்தண்ணி எறங்கி வந்து சேர்ற ஏரி. ஒரு காலத்துல ரொம்ப மோசமாக் கெடந்துச்சு, 2010 வாக்குல சுற்றுச்சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் அவரு கூட இருந்த சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம்காரங்களும் எறங்கி வேல பாத்து, தூர் வாரின மண்ண வெளிய கொண்டு போகாம ஏரிக்குள்ளயே திட்டுத் திட்டாக் குவிச்சு மரக்கன்னு வச்சாங்க. இன்னிக்கு அந்தத் திட்டுங்க தான் பறவைங்களுக்கு வீடு. சுத்தியும் தண்ணி, நாய் வராது, மனுசன் வரமாட்டான், மரம் இருக்குது, பக்கத்துலயே மீன் இருக்குது, வேற என்னங்க வேணும் ஒரு கொக்குக்கு. ஆனா நமக்கு அது தான் செரமம். திட்டு தூரத்துல இருக்குது, கரைல நின்னு வெறுங்கண்ணால பாத்தா மரத்து மேல வெள்ளையா கருப்பா ஏதோ ஒக்காந்திருக்குன்னு மட்டும் தான் தெரியும், போன்ல எடுத்தா அதுவும் தெரியாது. பசங்க அஞ்சு நிமிஷம் பாப்பாங்க, அப்புறம் "வீட்டுக்குப் போலாம்ப்பா" தான். இந்த எடத்துல தான் பைனாகுலர் வேல செய்யுது.

8×42ன்னா என்னன்னு சுருக்கமா. 8ங்கறது எட்டு மடங்கு, எம்பது மீட்டர்ல இருக்கற கூழைக்கடா பத்து மீட்டர்ல நிக்கற மாதிரி தெரியும். 42ங்கறது முன்னாடி இருக்கற லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. 42ஐ 8ஆல வகுத்தா 5.25, அவ்ளோ மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சக்கத்தை நம்ம கண்ணுக்கு வருது. காலைல ஆறு மணிக்கு அரைவெளிச்சத்துல நம்ம கண்ணுப்பாப்பா விரிஞ்சு இருக்கும்ல, அப்போ இந்த 5.25 ரொம்பப் பெரிய விஷயம், படம் பளிச்சுனு இருக்கும். பாக்கெட் சைஸ்ல 10×25ன்னு விக்கறாங்க பாருங்க, அதுல 2.5 தான், நல்ல வெயில்ல ஓகே, விடியக்காலைல மங்கல் தான். நிறைய பேர் எட்ட விட பத்து பெருசு, பத்த விட இருவது பெருசுன்னு நெனச்சு 20×50 வாங்கறாங்க, அத கைல புடிச்சுப் பாத்தா நம்ம கை ஆட்டமும் சேந்து இருவது மடங்கு ஆகும், ஸ்டாண்ட் இல்லாம ஒண்ணும் பாக்க முடியாது, பசங்க கைல குடுத்தா தல தான் சுத்தும்.

இன்னொன்னு, எட்டு மடங்குல தெரியற வட்டம் பெருசு. பொதுவா 8×42ல ஆயிரம் மீட்டர் தூரத்துல 130 மீட்டர் அகலத்துக்குக் கிட்ட தெரியும், 10×42ல 105லருந்து 115 வரைக்கும். கேக்க சின்ன வித்தியாசம், ஆனா புதுசாப் பாக்கற ஒரு கொழந்த பறவைய அந்த வட்டத்துக்குள்ள கண்டுபுடிக்குமா கண்டுபுடிக்காதாங்கறது இதுல தான் இருக்குது. பத்து மடங்குல எங்க பையன் வானத்தயே தான் பாத்துட்டு இருந்திருப்பான்.

இப்போ ஆளாளுக்கு எப்படின்னு சொல்றேன், இது தான் முக்கியம்.

எங்கப்பாக்கு மூக்குக்கண்ணாடி உண்டு. பைனாகுலர் கண்ணு வைக்கற எடத்துல ஒரு ரப்பர் வளையம் இருக்கும், திருகினா மேல வரும், கீழ போகும். கண்ணாடி போட்டவங்க அத முழுக்கக் கீழ எறக்கிட்டு கண்ணாடியோடயே பாக்கணும், போடாதவங்க மேல ஏத்திக்கணும். இது தெரியாம கண்ணாடியக் கழட்டிட்டு பாத்தா ஃபோகஸ் வீல எவ்ளோ திருகினாலும் செல பேருக்குத் தெளிவு வராது, அதுவும் ரெண்டு கண்ணு பவரும் வேற வேறன்னா ரொம்பக் கஷ்டம். வாங்கும்போது ஐ ரிலீஃப்னு ஒரு கணக்கு டப்பால போட்டிருக்கும், கண்ண எவ்ளோ தள்ளி வச்சாலும் வட்டம் முழுசாத் தெரியும்ங்கற தூரம் அது, கண்ணாடிக்காரங்களுக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல இருக்கணும், 17, 18 இருந்தா ரொம்ப நல்லது. இதுல 17 இருந்துச்சு, அப்பாக்கு வட்டம் முழுசாத் தெரிஞ்சுது. மொத தடவ கண்ணுல வச்சவரு அப்படியே நின்னுட்டாரு. "டேய், அந்த வக்கா கண்ணு செகப்பா இருக்குதுடா"ன்னாரு. சின்ன வயசுலருந்து ஏரிக்கரைலயே வளந்த மனுசன், வக்காவ ஆயிரந்தடவ பாத்திருப்பாரு, அதோட கண்ணு நெறத்த அன்னிக்கு தான் பாத்தாரு. ராக்கொக்குன்னும் சொல்லுவாங்க, பகல் முழுக்க மரத்துல தூங்கி வழியும், சாயங்காலம் தான் எரைக்குக் கெளம்பும், அதனால காலைல போனா அசையாம போஸ் குடுக்கும், புதுசா பாக்கறவங்க பழகறதுக்கு இத விட நல்ல பறவை கெடையாது.

வலது கண்ணு பக்கம் இன்னொரு சின்ன வளையம் இருக்கும், டயாப்டர்னு பேரு. அத ஒவ்வொருத்தரும் தனக்கு ஒரு தடவ சரி பண்ணிக்கணும். வலது பக்க லென்ஸக் கையால மூடிட்டு இடது கண்ணால ஒரு மரக்கிளையப் பாத்து நடு வீலத் திருகித் தெளிவாக்கணும். அப்புறம் இடது பக்கத்த மூடிட்டு அதே கிளையப் பாத்து நடு வீலத் தொடாம வலது வளையத்த மட்டும் திருகணும். அவ்ளோ தான். எங்க வீட்ல அவங்கவங்க அளவு எந்த எடத்துல நிக்குதுன்னு மனப்பாடம், எங்கப்பாது ப்ளஸ் பக்கம் ரெண்டாவது கோடு. இத செய்யாம பாத்துட்டு "தல வலிக்குது, நல்லா இல்ல"ன்னு பைனாகுலர பரண்ல போட்டவங்க எத்தனயோ பேரு.

பையன் கதை வேற. சின்னப் பசங்களுக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எடைவெளி கம்மி, பெரியவங்களுக்குன்னு செய்யற 8×42ங்க பெரும்பாலும் 55, 56 மில்லிமீட்டருக்குக் கீழ மடங்காது. ஆறு வயசுப் பையனுக்கு அது அகலம், ரெண்டு கண்ணுலயும் சேந்து ஒரு வட்டமாத் தெரியாது. அதனால அவன் ஒரு பக்கக் கொழாய்ல மட்டும் ஒத்தக் கண்ண வச்சு டெலஸ்கோப் மாதிரி பாக்கறான், சந்தோசமாத் தான் பாக்கறான், ஆனா எடை அவனுக்கு அதிகம், கைய நான் புடிச்சுக்கணும் இல்லனா தாத்தா தோள்மேல வச்சுக்கணும். இந்த வயசுப் பசங்க இருந்தா, தனியா ஒரு சின்ன 6 மடங்கு இல்லனா 8×21 எடுத்துக் குடுங்க, எடை கம்மி, மடங்கறதும் நல்லா மடங்கும். சூரியனப் பாக்கக் கூடாதுன்னு மட்டும் முதல்லயே அடிச்சு சொல்லிடணும், கண்ணு போயிரும், இதுல வெளையாட்டே கெடையாது. நாங்க சூரியன் இருக்கற பக்கம் பையன் கைல குடுக்கறதே இல்ல.

பொண்ணுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, ரெண்டாவது வாரத்துலயே என்ன விட நல்லாத் தேடறா. அவளுக்குச் சொல்லிக் குடுத்த ஒரே விஷயம் இது தான்: பறவைய வெறுங்கண்ணால பாத்துட்டு, பார்வைய எடுக்காம, தலையக் குனியாம, பைனாகுலரக் கண்ணுக்குக் கொண்டு வரணும். குனிஞ்சு பைனாகுலரப் பாத்துட்டு நிமிந்தா பறவை போச்சு. அப்புறம் எடம் சொல்ற பழக்கம். "அங்க பாரு அங்க பாரு"ன்னா யாருக்கும் தெரியாது. "ரெண்டாவது திட்டு, பட்ட மரம், இடது பக்கக் கிளை, நுனிலருந்து ஒரு முழம் உள்ள"ன்னு சொல்லணும். எங்க வீட்ல இப்போ மளிகை டப்பா எங்க இருக்குன்னு கேட்டாக் கூட இப்படித் தான் பதில் வருது.

கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒண்ணு தண்ணிக்கு மேல ஒரே எடத்துல றெக்கைய அடிச்சுட்டு நிக்கும், பாத்திருப்பீங்க. அத 8×42ல பாக்கற அனுபவத்துக்கே காசு குடுக்கலாம். தல மட்டும் அசையாது, ஒடம்பு பூரா துடிக்கும், அப்படியே செங்குத்தா விழும். நெஞ்சுல ரெண்டு கறுப்புப் பட்டை இருந்தா ஆணு, ஒண்ணு, அதுவும் நடுவுல அறுந்த மாதிரி இருந்தா பொண்ணு, இத எங்க பொண்ணு தான் பாத்து சொன்னா. நாமக்கோழி நெத்தில இருக்கற வெள்ளை, முக்குளிப்பான் குஞ்சு அம்மா முதுகுல ஏறிப் போறது, நீலத் தாழைக்கோழி தண்டப் பிடுங்கிக் காலாலயே புடிச்சுத் திங்கறது, கூழைக்கடாவோட மேல் அலகுல வரிசையா இருக்கற புள்ளி, இதெல்லாம் வெறுங்கண்ணுக்கு இல்லவே இல்ல. நீர்க்காகம் றெக்கைய விரிச்சுட்டு ஒக்காந்திருக்கறத எல்லாரும் பாத்திருப்போம், அதோட எறகு தண்ணில ஊறும், அதனால முங்கி முங்கி மீன் புடிச்ச பிறகு காய வைக்குது, அந்தக் காயற எறகுல வெயில் பட்டா பச்சையும் செம்பும் கலந்த ஒரு மினுமினுப்பு வரும் பாருங்க. கறுப்புப் பறவைன்னு நெனச்சுட்டு இருந்தது கறுப்பே இல்ல.

இலைக்கோழிக்குத் தனியா ஒரு வரி எழுதியே ஆகணும். நீளவால் இலைக்கோழி வெயில் காலத்துலயும் மழை காலத்துலயும், அதாவது முட்டை வைக்கற சமயத்துல தான் அந்த நீள வாலோட இருக்கும், பனிக்காலத்துல வால் உதுந்து சாதாரணமா இருக்கும், அதனால டிசம்பர்ல போய் வால் எங்கன்னு தேடாதீங்க. பொண்ணுப் பறவை முட்டைய வச்சுட்டு அடுத்த ஆணத் தேடிப் போயிரும், அடை காக்கறது, குஞ்சப் பாத்துக்கறது எல்லாம் ஆணு தான். இத என் வீட்டுக்காரி கிட்ட சொன்னேன், "நல்ல பறவை"ன்னுட்டு ரொம்ப நேரம் அதயே பாத்துட்டு இருந்தா.

சரி, போட்டோ. போட்டோவ நான் கம்மியாச் சொல்லல, எனக்கும் ஆச தான். ஆனா ஏரிக்கரைல ஒரு கேமரா இருந்தா ஒருத்தர் பாப்பாரு, மத்தவங்க நிப்பாங்க. பைனாகுலர்ல நிமிஷத்துக்கு ஒரு கை மாறும், பாத்தத ஒருத்தருக்கொருத்தர் சொல்லுவாங்க. மச்சான் கிட்ட 83 மடங்கு ஜூம் உள்ள கேமரா இருக்குது, ஒரு கிலோ வெயிட்டு, 2000 எம்எம் லென்ஸுக்குச் சமமா இழுக்கும். அவரும் நாங்களும் சேந்து போயிருந்தோம். ஒக்காந்திருக்கற பறவைக்கு அது பிரமாதம், எதிர்க்கரை சாம்பல் நாரைய முகத்த மட்டும் எடுத்தாரு. ஆனா அவ்ளோ இழுத்தா தெரியற எடம் ரொம்பக் குறுகலாயிரும், பறக்கற ஆலாவ (தண்ணி மேல பறந்து எரை தேடற பறவை) அதுல புடிக்கறது பெரிய வேல, முதல்ல ஜூமக் கம்மி பண்ணி பறவையப் புடிச்சுட்டு அப்புறம் மெதுவா இழுக்கணும். சென்சார் சின்னது, விடியக்காலைல ஐஎஸ்ஓ (வெளிச்சம் பத்தாதப்போ கேமரா கூட்டிக்கற அளவு) ஏறி படம் பொரிபொரியாத் தான் வரும். அது அந்த வகைக் கேமராவோட இயல்பு, தப்பில்ல, ஏழு மணிக்கு மேல வெளிச்சம் வந்ததும் நல்லா வருது. ஒம்போது மணிக்கு மேல தண்ணி மேல கானல் எழும்பும், அப்போ எத்தன லட்சம் ரூபா லென்ஸா இருந்தாலும் தூரத்துப் பறவை நெளிஞ்சு தான் தெரியும். ஆக போட்டோவுக்கு நல்ல நேரம்னு பாத்தா ரெண்டு மணி நேரம் தான், மிச்ச நேரம் பூரா பைனாகுலர் தான் ஓடுது.

கேமரா இருக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். வெள்ளைக் கொக்கு எடுக்கும்போது எக்ஸ்போஷர ஒரு பாயிண்ட் கொறச்சுக்கோங்க, இல்லனா வெள்ளை வெந்து போய் எறகே தெரியாது. பறக்கறதுக்கு 1/1000 செகண்டுக்குக் கீழ எறங்காதீங்க. கரை மேல நின்னுட்டே எடுக்காம கீழ எறங்கி ஒக்காந்து பறவையோட கண்ணு மட்டத்துலருந்து எடுத்தா படம் உயிரா இருக்கும், செருப்பு சேறாகும், பரவால்ல.

கேமராவே இல்லாதவங்களுக்கு பைனாகுலர்லயே வழி இருக்குது. போனோட கேமராவ பைனாகுலர் கண்ணு வைக்கற ஓட்டைல ஒட்ட வச்சு எடுக்கலாம். ரப்பர் வளையத்த மேல ஏத்திக்கோங்க, பைனாகுலர கட்டைச் சுவத்து மேலயோ முட்டி மேலயோ அசையாம வச்சுக்கோங்க, போன்ல நிறைய லென்ஸ் இருந்தா மெயின் லென்ஸ மட்டும் வைங்க, சுத்தியும் கறுப்பு வட்டம் வந்தா போன்ல கொஞ்சம் ஜூம் பண்ணுங்க. பொண்ணு இப்படி எடுத்த வெண்மார்பு மீன்கொத்தி படம் இப்போ எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்குது. போட்டிக்கு அனுப்பற படம் இல்ல, ஆனா என்ன பறவைன்னு கண்டுபுடிக்க தாராளமாப் போதும். கார்னெல் பல்கலைக்கழகத்தோட மெர்லின் ஆப் இலவசம், அந்தப் படத்தக் குடுத்தா பேர் சொல்லும், சத்தத்தக் கேட்டும் சொல்லும், ஆனா அது சொன்னத அப்படியே எழுதிக்காம பறவைய நம்ம கண்ணால பாத்து ஒத்துப் பாக்கணும். பாத்தத இ-பேர்ட்ங்கற பறவைப் பதிவுத் தளத்துல ஏத்தினா நம்ம ஏரிக்கு ஒரு கணக்கும் சேரும். பொங்கல் சமயத்துல தமிழ்நாடு பூரா பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015லருந்து நடக்குது, பசங்களக் கூட்டிட்டுப் போய் கலந்துக்க அத விட நல்ல நாள் இல்ல, லீவும் இருக்குது, வலசைப் பறவைங்களும் இருக்குது.

இப்போ வாங்கறதப் பத்தி. ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்கு "100×180"னு எல்லாம் போட்டு விக்கறாங்க, அந்த நம்பருக்கு அர்த்தமே கெடையாது, 180 மில்லிமீட்டர் லென்ஸுன்னா ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கணும், கைல புடிக்கவே முடியாது, நீங்களே யோசிங்க. செவப்பு கலர்ல மினுக்கற லென்ஸயும் தவிருங்க. முடிஞ்சா நேர்ல கைல எடுத்துப் பாத்து வாங்குங்க. பாக்கும்போது பைனாகுலரக் கண்ணுலருந்து ஒரு கை தூரத்துல தள்ளிப் புடிச்சு வெளிச்சமான சொவரப் பாத்துக் காட்டுங்க, கண்ணு வைக்கற பக்கம் ரெண்டு வெளிச்சப்பொட்டு தெரியும், அது நல்ல வட்டமா இருக்கணும், ஓரம் வெட்டுப்பட்டு சதுரமாத் தெரிஞ்சா உள்ள இருக்கற ப்ரிஸம் மட்டம். பேக்-4 ப்ரிஸம் (நல்ல ரகக் கண்ணாடி), ஃபுல்லி மல்டி கோட்டட் (எல்லா லென்ஸ் பரப்புலயும் பல அடுக்குப் பூச்சு)னு ரெண்டும் எழுதியிருக்கணும். வெறும் "கோட்டட்"னு போட்டிருந்தா ஏதோ ஒரு பக்கம் மட்டும் பூசியிருக்காங்கன்னு அர்த்தம். உள்ள நைட்ரஜன் அடைச்சு வாட்டர்ப்ரூஃப் பண்ணினதா இருந்தா, மழைலயும் ஏற்காட்டுப் பனிலயும் உள்பக்கம் பூஞ்சை புடிக்காம காலத்துக்கும் வரும், நம்ம ஊருக்கு இது அவசியம்னு நான் சொல்லுவேன்.

பட்ஜெட் அஞ்சாயிரம் தான்னா ரூஃப் ப்ரிஸம் வேணாம், பழைய மாடல்ல தோள்பட்டை அகலமா இருக்குமே அந்த போரோ ப்ரிஸம் 8×40 பாருங்க. அதே காசுக்கு அதுல படம் நல்லா இருக்கும், ஏன்னா அத செய்யறது சுலபம், செலவு கம்மி. பாக்க பழசா இருக்கும், கொஞ்சம் தடி, பெரும்பாலும் தண்ணி படக் கூடாது, அவ்ளோ தான்.

எங்க பைனாகுலர்ல குறைன்னா, கூட வந்த கழுத்து வார் மெல்லிசு, ஒரு மணி நேரத்துல கழுத்து அறுக்குது, ரெண்டு தோள்லயும் மாட்டற வாரா மாத்தின பிறகு தான் அப்பா வீட்டுக்குப் போற வரைக்கும் கழட்டாம வச்சிருந்தாரு. முன் மூடி தொங்கிட்டே ஆடுது. வெயிலுக்கு எதிர்ப்பக்கமா இருக்கற வெள்ளைப் பறவையோட ஓரத்துல லேசா ஊதாக்கோடு தெரியுது, அம்பதாயிரம் ரூபா பைனாகுலர்ல அது இருக்காதாம், எனக்கு அதுக்காக நாப்பதாயிரம் குடுக்கத் தோணல.

ஏரிக்குப் போற நேரம், நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் ரொம்ப நல்லது, வலசை வர்ற வாத்துங்க, தகைவிலான், மீசை ஆலா எல்லாம் அப்போ தான். விடிஞ்சதும் போய், சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாடி இருக்கற மாதிரி கரையத் தேர்ந்தெடுங்க, பாக்கறதுக்கும் அது தான் நல்லது, படத்துக்கும் அது தான். ஆகாயத்தாமரை படந்திருந்தா மொகம் சுளிக்காம அதோட ஓரத்தயும் பாருங்க, கானாங்கோழியும் இலைக்கோழியும் அங்க தான் சுத்தும், ஆனா அது ஏரிய மூடிட்டா முங்கி மீன் புடிக்கற பறவைக்கு எடம் இருக்காது, நம்ம எல்லாரும் கவலப்பட வேண்டிய விஷயம் அது. பிளாஸ்டிக் கவர்ல தீனி கொண்டு போகாதீங்க, நாங்க தூக்குப்போசில முறுக்கும் கடலையும் தான்.

ஒரு விஷயத்துல நான் கண்டிப்பா இருக்கேன். கூடு வச்சிருக்கற மரத்துக்குக் கிட்ட போறது, கல்ல விட்டு எறிஞ்சு பறக்க வச்சு படம் எடுக்கறது, போன்ல பறவைச் சத்தத்தப் போட்டுக் கூப்புடறது, இது மூணும் எங்க கூட வர்ற யாரா இருந்தாலும் கூடாது. பெத்த பறவை பயந்து எழுந்து போன அஞ்சு நிமிஷத்துல காக்கா வந்து முட்டைய எடுத்துட்டுப் போயிரும், வெயில்ல குஞ்சு துவண்டுரும். ஒரு அண்ணன் பெரிய லென்ஸோட வந்து தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு அடியிலயே போய் நின்னுட்டாரு, எங்கப்பா போய், "தம்பி, கொஞ்சம் இப்படி வந்து பாருங்க"ன்னு கூட்டிட்டு வந்து பைனாகுலரக் கைல குடுத்தாரு. அங்கருந்தே ஆணு பாதிக் கூட்டக் கட்டிட்டு தொங்கி றெக்கைய அடிக்கறதும், பொண்ணுக்குருவி வந்து பாத்துட்டுப் புடிக்காம போறதும் தெளிவாத் தெரிஞ்சுது. அவரு ரொம்ப நேரம் திருப்பிக் குடுக்கல.

இதே பைனாகுலர் ஏற்காட்டுக்கும் சரியா வருமான்னா வரும், மலைல காப்பித் தோட்டத்து நெழல்ல வெளிச்சம் கம்மி, அங்க 42 லென்ஸு இன்னும் நல்லா ஒதவுது. சீகாரப் பூங்குருவி இருட்டுப் பள்ளத்துல ஓடைக்கரைல ஒக்காந்திருக்கும், சின்ன பைனாகுலர்ல அது கறுப்பு, இதுல நீலம். மலைப்பாதைல பாறையும் புதரும் இருக்கற சரிவுல மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்குது, தென்னிந்தியத் தீபகற்பத்துல மட்டும் வாழற பறவை, ஒலகத்துல வேற எங்கயும் கெடையாது, அதப் பாக்கறதுக்குன்னே தூரத்துலருந்து சேலத்துக்கு ஆளுங்க வர்றாங்க. கொண்டை ஊசி வளைவுல வண்டிய நிறுத்திட்டு பாக்காதீங்க, ஓரமா எடம் இருக்கற பக்கம் நிறுத்துங்க, குரங்கு வந்து பைனாகுலரத் தூக்கிட்டுப் போற ஆபத்தும் அங்க உண்டு, வார கழுத்துலயே வச்சுக்கோங்க.

லென்ஸ வேட்டி நுனில, துப்பட்டால தொடைக்காதீங்க, மொதல்ல ஊதற பம்ப்ல தூசிய ஊதிட்டு அப்புறம் கண்ணாடி தொடைக்கற துணியால லேசா. மழைல நனஞ்சு வந்தா டப்பால போட்டு மூடாம ஒரு நாள் வெளிய ஃபேன் காத்துல வைங்க. உறையோட பீரோல பூட்டி வைக்காம கதவோரமா ஆணில மாட்டி வைங்க, எங்க வீட்ல அப்படித் தான் இருக்குது, சாயங்காலம் மாடில செம்பருந்து சுத்தினாக் கூட யாராவது ஒருத்தர் எடுத்துட்டு ஓடறாங்க.